புயல் வரும்போது கல்லூரியில் என்ன செய்வது? கடலூர், புதுச்சேரி மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் பிறந்துவிட்டால் விடுதி மாணவர்களும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கடலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தையும் பேரிடர்க் குழுவையும் பார்த்துக்கொள்கிறேன். முன்பு விடுதியில் துணைக் காப்பாளராகவும் இருந்தேன். 'தானே', 'நிவர்', 'ஃபெஞ்சல்' மூன்று புயல்களையும் இந்த ஊரில் இருந்தே பார்த்தவன் என்பதால், சொல்ல வேண்டியவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பாண்டிச்சேரி கல்லூரிகளுக்கும் பெரும்பாலும் இவை பொருந்தும். ஒரே கடல், ஒரே காற்று.

புயல் காலம் என்றால் எந்த மாதங்கள்?

வடகிழக்குப் பருவமழைக் காலம், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் முடியும் வரை. நம் கரையை உலுக்கிய மூன்றும் இந்த நாள்களில் வந்தவைதான். தானே 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. நிவர் 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, புதுச்சேரிக்கு அருகே. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு, அதுவும் புதுச்சேரிக்கு அருகே. செமஸ்டர் தேர்வும் இதே நாள்களில்தான் நடக்கிறது. அதனால் விடுதி நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்தும் புயல் வரலாம். தானேவின்போது அரையாண்டு முடிந்து பெரும்பாலோர் ஊருக்குப் போயிருந்தார்கள்; நிவரின்போது கொரோனாவால் விடுதிகள் காலியாக இருந்தன.

மூன்றிலும் காற்று உச்சத்துக்குப் போனது இரவிலோ விடியற்காலையிலோதான் என்பதைக் கவனியுங்கள். செய்ய வேண்டியது எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே செய்து முடித்துவிட வேண்டும்.

ஹரிக்கேன், டைஃபூன் என்று செய்தியில் சொல்கிறார்களே, அவை வேறா?

இல்லை. அட்லாண்டிக் பக்கம் ஹரிக்கேன், சீனா ஜப்பான் பக்கம் டைஃபூன், வங்காள விரிகுடாவில் சைக்ளோன், அதாவது நம் புயல். அமெரிக்கக் கல்லூரிகளின் திட்டங்களைப் படித்துப் பார்த்தால் நமக்கு உதவும் விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அங்கே மாணவரிடம் கார் இருக்கும் என்று எண்ணித் திட்டம் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் டவுன் பஸ்ஸை நம்பி இருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றினால் ஐந்தைவிடப் பெரிய ஆபத்தா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒன்றும் இரண்டும் தூரத்தில் கடலில் நடப்பதைச் சொல்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வானிலை மோசமாகலாம் என்ற எச்சரிக்கை. ஐந்து, ஆறு, ஏழு மூன்றுமே ஆபத்து நிலைதான். புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கமாகப் போகுமா, வலப்பக்கமாகப் போகுமா, நேராகவோ மிக அருகிலோ வருமா என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் அதே வரிசையில் பெரும் ஆபத்தைக் குறிப்பவை. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

கடலூர் துறைமுகத்திலோ புதுச்சேரியிலோ நான்காம் எண் ஏறிவிட்டால் விடுதியில் வேலை தொடங்கிவிட வேண்டும். ஐந்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

காற்று மணிக்கு 80 கிலோமீட்டர்தான் என்கிறார்கள். அப்படியானால் சின்னப் புயல்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 'அதி தீவிரம்' என்று சொன்னால் பயப்படுவதும், வெறும் 'புயல்' என்றால் அலட்சியமாக இருப்பதும் நமக்குப் பழகிவிட்டது.

வானிலைத் துறை வைக்கும் பெயர் காற்றின் வேகத்துக்கானது. 62 முதல் 88 கிலோமீட்டர் வரை புயல், 89 முதல் தீவிரப் புயல், 118 முதல் அதி தீவிரப் புயல். எவ்வளவு மழை கொட்டும் என்பதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.

தானேவையும் ஃபெஞ்சலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தானே 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு விசை நான்கு மடங்காகும். அதனால்தான் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஃபெஞ்சலின் காற்று அதில் பாதிதான். ஆனால் கரையைக் கடந்ததும் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை. நகருக்குள் தெருக்களில் ராணுவம் இறங்கி மக்களை மீட்க வேண்டியிருந்தது.

அதோடும் முடியவில்லை. புயல் கடந்து இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர்க் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. 'புயல் போயாச்சு' என்று பைகளைப் பிரித்துவிட்டிருந்த நேரத்தில்தான் இந்த வெள்ளம் வந்தது.

ஆகவே மூன்று செய்திகளைத் தனித்தனியாகப் பாருங்கள்: காற்று எவ்வளவு, மழைக்கு என்ன நிற எச்சரிக்கை, மேலே அணைகளில் தண்ணீர் எவ்வளவு. சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடிய அதி கனமழை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, சங்கராபரணி இவற்றில் எது உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் ஓடுகிறதோ அதன் செய்தியைப் புயல் போன பிறகும் குறைந்தது நான்கு நாள் கேட்டுக்கொண்டே இருங்கள்.

புயல் கடலூருக்குத் தெற்கே கடக்கும் என்றால் நமக்குக் கவலை இல்லையா?

கவலை கூடுதல்தான். நம் பக்கம் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். கடல்நீரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். மையத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். எனவே பரங்கிப்பேட்டைப் பக்கம் கடக்கிறது என்று சொன்னால் தேவனாம்பட்டினத்தில் இருப்பவர்கள் கடலைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

எச்சரிக்கை வந்தவுடன் விடுதியிலிருந்து ஊருக்குக் கிளம்பிவிடலாமா?

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். என் பதில்: 48 மணி நேரத்துக்கு முன்னால் என்றால் கிளம்புங்கள். 24 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது என்றால் இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

வானிலைத் துறை கரை கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் இருக்கும்போது முதல் எச்சரிக்கையைக் கொடுக்கிறது. ஒரு நாள் இருக்கும்போது அடுத்ததை. முதல் எச்சரிக்கையின்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஓடும், ரயில் ஓடும், வெளிச்சம் இருக்கும். இரண்டாவதின்போது எப்போது எதை நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கான்கிரீட் கட்டடத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு வரும் ஆபத்து குறைவு. மரங்கள் விழுந்துகொண்டிருக்கும் சாலையில், பாதியில் நின்றுவிட்ட பஸ்ஸில் இருக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். கடைசி நேரத்தில் பதறிப்போய் 'எப்படியாவது கிளம்பி வந்துடு' என்று போன் செய்யாதீர்கள், அம்மா. நீங்கள் சொன்னால் அந்தப் பிள்ளை கிளம்பிவிடும்.

போகும் ஊரையும் யோசிக்க வேண்டும். விடுதி இரண்டு மாடிக் கான்கிரீட் கட்டடம். வீடு ஓட்டு வீடோ, தகரம் போட்டதோ, ஆற்றங்கரையிலோ இருந்தால் மாணவர் விடுதியில் இருப்பதே நல்லது.

கல்லூரி நிர்வாகத்துக்கும் ஒன்று: 'விடுதி மூடப்படும், மாலை 5 மணிக்குள் காலி செய்யவும்' என்ற சுற்றறிக்கையை முதல் எச்சரிக்கையோடு ஒட்டுங்கள். அதைத் தவறவிட்டால் ஒட்டவே ஒட்டாதீர்கள். விடுதியைத் திறந்தே வையுங்கள்.

போக இடமில்லாத மாணவர்கள் என்ன செய்வார்கள்?

எனக்கு இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் இருக்கிறார்கள். ஆய்வை விட்டுவிட்டுப் போக முடியாத ஆராய்ச்சி மாணவர்கள் உண்டு. வீடு என்று ஒன்று இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். 'எல்லாரும் ஊருக்குப் போயாச்சு' என்று எண்ணித் திட்டம் போட்டால் விடுபடுபவர்கள் இவர்கள்தான்.

தானே வந்த இரவு நான் விடுதியில் இருந்தேன். அரையாண்டு முடிந்து பெரும்பாலோர் போய்விட்டார்கள். பதிவேட்டில் பதினொரு பேர். பதினொரு பேரையும் கீழ்த்தளத்து நடைக்கூடத்துக்குக் கொண்டுவந்து பாய் போட்டுப் படுக்க வைத்துவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு மேல்மாடியில் கண்ணாடி உடையும் சத்தத்தோடு ஒரு பையன் அலறும் சத்தமும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று பேர். ஊருக்குப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள். பஸ் கிடைக்காமல் ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தங்கள் அறையிலேயே படுத்துவிட்டார்கள். ஒருவனுக்குத் தோளில் கண்ணாடி கிழித்திருந்தது. வேட்டியைக் கிழித்துக் கட்டி, மதியம் சாலையில் விழுந்த மரங்களைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போனோம். நான் பதிவேட்டை நம்பினேனே ஒழிய, அறை அறையாகப் போய்ப் பார்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. முதல் எச்சரிக்கை வந்த அன்றே ஒரு நோட்டில் பெயர், அறை எண், வீட்டு போன் நம்பர், சாப்பிடும் மருந்து எழுதிவிட வேண்டும். காகிதத்தில்தான், கணினியில் இருக்கும் பட்டியல் மின்சாரம் போனால் உதவாது. மாலை ஆறு மணிக்கு ஒரு முறை, இரவு பத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டி ஆளை நேரில் பார்த்து டிக் போட வேண்டும். ஊருக்குப் போனவர்கள் வீடு சேர்ந்ததும் காப்பாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். வராவிட்டால் நாமே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மெஸ் அக்காக்கள், வாட்ச்மேன் அண்ணன், துப்புரவுப் பணியாளர்கள், வளாகத்துக்குள் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளர் குடும்பங்கள், இவர்கள் பெயரும் அந்த நோட்டில் இருக்க வேண்டும். கொட்டகையில் இருப்பவர்களைக் கட்டாயம் வகுப்பறைக்கு மாற்றுங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டுமா?

வேண்டும். அதை அவர்களிடமே கேட்டுச் செய்ய வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தரைத்தளத்தில் வைப்பது வழக்கம். வெள்ளம் வரும் இடமாக இருந்தால் மின்சாரம் இருக்கும்போதே, லிஃப்ட் ஓடும்போதே முதல் மாடிக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் துணைக்கு இரண்டு நண்பர்களை நியமியுங்கள், ஒருவர் போதாது. காது கேளாதவருக்கு ராத்திரி சைரன் உதவாது, தொட்டு எழுப்ப ஆள் வேண்டும். இன்சுலின் போடுபவர்களின் மருந்துக்கு ஐஸ் பெட்டி ஏற்பாடு செய்யுங்கள்.

லீவு விட்டாச்சா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடலூர் மாவட்டத்துக்கு ஆட்சியர் அறிவிப்பார். புதுச்சேரிக்கு அந்த அரசு அறிவிக்கும். இரண்டும் தனித்தனி. கடலூரில் வீடு, பாண்டியில் கல்லூரி என்று தினமும் போய்வரும் மாணவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: வீட்டுப் பக்கம் லீவு, கல்லூரிப் பக்கம் இல்லை. இப்படிப்பட்ட நாளில் வருகைப் பதிவை நினைத்து யாரும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பாதபடி, 'எந்தப் பக்கம் எச்சரிக்கை இருந்தாலும் வராதவருக்கு வருகை குறையாது' என்று கல்லூரிகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தேர்வு தள்ளிவைப்பைப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பழைய சுற்றறிக்கைகளில் தேதியைச் சரிபாருங்கள்.

அறையில் என்ன தயாராக இருக்க வேண்டும்?

ஒரே ஒரு பை போதும். டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், மூன்று நாள் மருந்து, ஒரு மாற்றுத் துணி, செருப்புக்குப் பதில் ஷூ, கொஞ்சம் சில்லறைப் பணம். மின்சாரம் இல்லாவிட்டால் ஏடிஎம்மும் இருக்காது, கடையில் ஸ்கேன் செய்யவும் முடியாது. மாதவிடாய்க்கான நாப்கின். பொரி, கடலை, பிஸ்கட், பேரீச்சம்பழம். சான்றிதழ்களையும் ஹால் டிக்கெட்டையும் பாலிதீன் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம். மெத்தையும் திரைச்சீலையும் இருக்கும் அறையில், தீயணைப்பு வண்டி வர முடியாத இரவில் அது வேண்டவே வேண்டாம்.

காற்று அடிக்கும்போது எங்கே இருப்பது?

ஜன்னல் இல்லாத உள் நடைக்கூடம், மாடிப்படிக்குக் கீழ், கீழ்த்தளத்து உள்ளறை. வெள்ளம் வரும் தாழ்வான இடம் என்றால் முதல் மாடியின் உள்பகுதி. மேல்மாடியும் ஆடிட்டோரியமும் கூடாது. ஆடிட்டோரியத்தின் பெரிய தகரக் கூரை காற்றுக்கு முதலில் தூக்கும்.

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் டேப் கண்ணாடியைக் காப்பாற்றாது. ஒரு பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்பதும் தவறு. உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். எல்லாவற்றையும் மூடித் தாழ்ப்பாள் போடுங்கள்.

திடீரென்று காற்று நின்றுவிட்டால் வெளியே வரலாமா?

வரக் கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்டு நிற்கும் மரங்கள் இந்த இரண்டாவது காற்றில் விழும். அதிகாரப்பூர்வமாகச் சொல்லும்வரை உள்ளேயே இருங்கள்.

கல்லூரி நிர்வாகம் இரண்டு நாளில் என்னென்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், ஆனால் சில வேலைகள் இரண்டு நாளில் ஆகாதவை. மரம் அவற்றில் ஒன்று. தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் நிழலுக்கு அருமை, ஆனால் கனத்த தலையோடு நிற்கும் அவை காற்றில் சீக்கிரம் சாயும். செப்டம்பரிலேயே கிளைகளைக் கழிக்க வேண்டும். ஒரேயடியாக மொட்டையடிக்க வேண்டாம். காற்று ஊடே போகும்படி நடுவில் கழித்தால் போதும். மழைநீர் வடிகாலைத் தூர்வாருவதும் செப்டம்பர் வேலைதான்.

எச்சரிக்கை வந்தபின் முதலில் பறக்கக்கூடியவற்றை எடுங்கள்: ஃபிளெக்ஸ் பேனர், பந்தல், பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, சைக்கிள் ஸ்டாண்டில் ஆணி தளர்ந்த ஷீட். மொட்டை மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிகளை நிரப்பிவிடுங்கள். காலித் தொட்டி பறக்கும். அந்தத் தண்ணீர்தான் பின்னால் குளியலறைக்கும் உதவும். லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். கீழே நின்றால் குழியில் தேங்கும் தண்ணீர் அதைக் கெடுத்துவிடும். தரைத்தளத்தில் பேனல் போர்டு இருக்கும் அறைக்கு மணல் மூட்டை.

குடிதண்ணீருக்குக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், மூன்று நாளைக்கு, இருநூறு பேர் என்றால் 2400 லிட்டர். 20 லிட்டர் கேன் 120. புயலுக்கு முந்தின நாள் அத்தனை கேன் எந்தக் கடையிலும் கிடைக்காது. அக்டோபரிலேயே விற்பவரிடம் பேசி வையுங்கள். ஜெனரேட்டருக்கு டீசலும் அப்படியே. மின்சாரம் இல்லாத ஊரில் பெட்ரோல் பங்க்கும் ஓடாது. ஜெனரேட்டரை நாள் முழுக்க ஓட்டாமல் காலையில் இரண்டு மணி நேரம் மோட்டாருக்கும், மாலையில் இரண்டு மணி நேரம் விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் ஓட்டினால் டீசல் பல நாள் வரும். ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குள்ளோ ஜன்னலுக்குக் கீழோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மெஸ்ஸில் ஐந்து நாளைக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், கூடுதலாக ஒரு சிலிண்டர். காய்கறிக்குப் பதில் உருளைக்கிழங்கும் வெங்காயமும். பால்பவுடர்.

ஆய்வகமும் நூலகமும்?

வேதியியல் ஆய்வகத்தில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் சோடியம் போன்றவை கீழ்த்தட்டில் இருக்கக் கூடாது. வாயு சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டுங்கள், வால்வை மூடுங்கள். உயிரியல் துறையின் உறைபதனப் பெட்டிகளைத் திறக்காமல் வைத்தால் குளிர் நெடுநேரம் நிற்கும். அதன் கதவிலேயே 'திறக்காதே' என்று எழுதி ஒட்டுங்கள். நூலகத்தில் தரையை ஒட்டிய இரண்டு தட்டுப் புத்தகங்களை மேசைகளுக்கு ஏற்றிவிட இருபது மாணவர்களுக்கு ஒரு மாலை போதும். பழைய மதிப்பெண் பதிவேடுகள் எந்தக் கல்லூரியில் பார்த்தாலும் தரைத்தளத்து அலுவலகத்தில்தான் இருக்கின்றன. தயவுசெய்து மாடிக்கு ஏற்றுங்கள். ஒரு மாணவரின் வாழ்க்கை அதில் இருக்கிறது.

புயல் போன மறுநாள் காலை வெளியே போகலாமா?

அவசரம் இல்லாவிட்டால் போகாதீர்கள். போனால் தனியாகப் போகாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கூட அதில் மின்சாரம் திரும்பி வரலாம். அந்தக் கம்பி கிடக்கும் தண்ணீரிலும் கால் வைக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர்கூட வேகமாக இருந்தால் ஆளைச் சாய்த்துவிடும். திறந்து கிடக்கும் சாக்கடை மேலே இருந்து தெரியாது.

பாம்பும் நம்மைப் போலவே மேடு தேடி வரும். ஷூவை உதறிப் போடுங்கள், தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் படுக்கைக்கே வரும். கடித்தால் சில நேரம் வலிகூடத் தெரியாது. கடித்த இடத்தை அறுப்பதோ, உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து நேராகக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கொண்டுபோங்கள்.

தண்ணீரைக் கொதி வந்த பிறகும் சில நிமிடம் விட்டு ஆறவைத்துக் குடியுங்கள். வெள்ளத்தில் நடந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் 'தண்ணியில நடந்தேன்' என்று கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் எளிதில் குணமாகும்.

நாங்கள் மீட்புப் பணிக்குப் போகலாமா சார்?

கேட்பவர்களின் மனசு எனக்குத் தெரியும். தானேவுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் வாரக்கணக்கில் கிராமங்களில் வேலை செய்தார்கள். ஆனால் காற்றும் வெள்ளமும் இருக்கும்போது நீந்தத் தெரிந்தவர்கூட இறங்கக் கூடாது. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். உங்கள் கைகளுக்கு வேலை அதற்குப் பிறகு நிறைய இருக்கிறது: மரம் அகற்றுவது, முகாமில் சமைப்பது, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது, நனைந்துபோன பள்ளிப் புத்தகங்களுக்கு மாற்றுத் திரட்டுவது. மூன்றாம் நாளிலிருந்து ஆள் குறையும். அப்போது வாருங்கள்.

சில்வர் பீச்சில் அலை பார்க்கப் போவதற்கு மட்டும் என்னிடம் அனுமதி கேட்காதீர்கள்.

எந்த நம்பரைக் கூப்பிடுவது?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101. தமிழ்நாட்டில் மின்கம்பி அறுந்தால் மின்னகம் 94987 94987. போனில் 'டிஎன் அலர்ட்', 'சசேத்' செயலிகளை இப்போதே இறக்கி வையுங்கள். விடுதிக்கு பேட்டரி போட்ட ரேடியோ ஒன்று அவசியம்.

மகனுக்கு போன் போகவே இல்லை. என்ன செய்வது?

முதலில், பதறாதீர்கள். டவர்களின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்; ஒரு ஊரே சேர்ந்து மௌனமாகிவிடும். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போகலாம். அதனால் 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி அனுப்பச் சொல்லி முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ கோவையிலோ ஒரு சொந்தக்காரரின் எண்ணைப் பொதுவாக வைத்துக்கொண்டால், வழி கிடைத்தவர் அவருக்குச் சொன்னால் போதும். காப்பாளர் நம்பரை ஜூலை மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

என் வீடு குப்பத்தில் இருக்கிறது. அப்பா அம்மாவைக் கல்லூரிக்குக் கூட்டி வரலாமா?

கூட்டி வாருங்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம் இங்கெல்லாம் இருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர். தான் மட்டும் பத்திரமாக உட்கார்ந்திருக்க எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது. அரசு முகாம் அருகில் இருந்தால் அங்கே பெயர் பதிவாகும், நிவாரணத்துக்கும் அது உதவும். இடம் இல்லை என்றால் கல்லூரி முதல்வரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வகுப்பறை, பூட்டுப் போடக்கூடிய கழிப்பறை, ராத்திரி வெளிச்சம், இவற்றைக் கல்லூரி ஏற்பாடு செய்ய வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், படகுப் பதிவுக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் பையில் எடுத்து வரச் சொல்லுங்கள். பாட்டி வர மாட்டேன் என்று அடம் பிடித்தால், வெளிச்சம் இருக்கும்போதே நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.